செவுளின் சிவப்பு

அம்மாவுக்குக் கழுத்தில் கட்டி வந்தது. காசநோய்தான் என்று உறுதியானதும் மாத்திரைகள் தொடங்கின. கண் மங்கினால் உடனே வரச் சொன்னார் டாக்டர். கண் மங்கவில்லை. தூரத்தில் வரும் பேருந்தின் பலகையைக்கூட அம்மா படித்தாள்.

நோய் என்று தெரிந்த பிறகும் எங்கள் வீட்டில் உட்கார்ந்து கட்டன்சாயா குடித்தவள், தேங்காய்ப்பட்டணத்திலிருந்து மீன் கொண்டுவரும் சித்தி மட்டும்தான். உறவில்லை, நான் அப்படிக் கூப்பிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் குளித்துக்கொண்டிருந்தபோது முற்றத்தில் அம்மா சித்தியிடம் சத்தம் போடுவது கேட்டது.

"என்னட்டி இது, அயிலைக்க செவுளு சாம்பலாட்டு கெடக்கு?"

"விடியக்காலம் வந்த மீனாக்கும்க்கா. ரத்தமாட்டு இருக்குல்லா!"

"சீக்குக்காரிதானே, எதத் தந்தாலும் திம்பான்னு நெனச்சியோ?"

நான் வெளியே வருவதற்குள் சித்தி போய்விட்டாள். வாங்க நின்ற பக்கத்து வீட்டுக்காரர்களும் வெறுங்கையோடு திரும்பியிருந்தார்கள். மீன் விஷயத்தில் அம்மா சொன்னால் எங்கள் முடுக்கில் மறுபேச்சு கிடையாது.

அந்த வாரமே என் புதுச் சிவப்புச் சுடிதாரைப் பார்த்து, "சாயம் போச்சா மக்கா?" என்றாள் அம்மா. மருத்துவக் கருவிகளைச் சரிபார்ப்பது என் வேலை. வரிசையாகச் சோதித்தேன்: தக்காளி, வற்றல் மிளகாய், கேஸ் சிலிண்டர். ஒவ்வொரு கண்ணாகப் பொத்திக் காட்டியும் எல்லாமே அவளுக்குப் பழுப்பாகத்தான் தெரிந்தது. மாத்திரை டப்பாவிலிருந்த தாளை விரித்தேன். அதிலுள்ள எத்தாம்புட்டால் என்ற மருந்து சிலருக்குச் சிவப்பையும் பச்சையையும் மங்கவைக்கும் என்றிருந்தது. அன்றே டாக்டர் அந்த ஒன்றை நிறுத்தினார். பார்வை மெல்லத் திரும்பலாம் என்றார்.

அம்மா பார்வையைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. "அப்போ அது நல்ல மீனா?" என்றாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமையோடு வராமல் போன சித்தியைத் தேடித் துறைமுகத்துக்குப் போனோம். மற்ற மீன்காரிகளின் காதிலும் விழும்படி அம்மா சித்தியிடம் சொன்னாள்: "மருந்து எனக்க கண்ணக் கெடுத்துப் போட்டு. ஒனக்க மீனுல ஒரு குத்தமும் இல்ல."

"இப்போ கண்ணு எப்பிடி இருக்கு?"

"கொள்ளாம், கொழப்பமில்ல. நீ வருவியா?"

சித்தி ஐஸை அள்ளிப் பெட்டியில் போட்டாள். "கோவமெல்லாம் இல்லக்கா. அங்க இனி ஆரு எனக்கிட்ட வாங்குவா? ஒங்க ஒரு வீட்டுக்குன்னு எப்பிடி வர?"

அம்மா வீடுவீடாகப் போய்ச் சொன்னாள். எல்லோரும் அவளுடைய கண்ணைப் பற்றி அக்கறையாக விசாரித்தார்கள். ஆனால் அதற்குள் பைக்கில் வருகிற ஒருவனிடம் வாங்கப் பழகியிருந்தார்கள். நாங்களும் இப்போது அவனிடம்தான் வாங்குகிறோம். அம்மா செவுளைத் தூக்கிப் பார்ப்பதில்லை.