நேராக ஓடாத பக்கி

வண்டி நேராக ஓடவில்லை என்பதுதான் முதலில் தெரிந்தது. ரிமோட்டில் ஓட்டும் பந்தய வண்டி, முழங்கை நீளம் இருக்கும். மண்ணிலும் மேட்டிலும் குதித்து ஓடுவதற்கென்றே செய்த அந்த வகைக்குப் பக்கி என்று பெயர். புதிதாகக் கேட்பவர்களுக்கு யாரையோ திட்டுவது போல இருக்கும். தம்பி ஆசைப்பட்டு வாங்கினான், நான் பிடுங்கிக்கொண்டேன். பிறகு அவன் தனக்கு இன்னொன்று வாங்கினான். ஸ்ரீரங்கத்தில் எங்கள் இரண்டு வீடும் ஒரே அடுக்குமாடியில். கொள்ளிடக் கரைப் பக்கம் அவனுடைய நண்பர் ஒருவரின் காலி மனையில் மண் கொட்டி, மேடு பள்ளம் வைத்து ஒரு சின்ன ட்ராக் போட்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்களை அங்கேதான் பார்க்கலாம். மற்ற நாட்களில் தில்லை நகரில் ஒரு லேபில் ரத்தம் எடுப்பது என் வேலை.

அந்தக் கோடையில் என் பக்கி நேர்ப்பாதையில் வாலை ஆட்டிக்கொண்டே போனது. மேட்டிலிருந்து பறக்கும்போது மூக்கு கவிழ்ந்து விழுந்தது. காற்றில் இருக்கும்போது ரிமோட்டில் வேகம் கொடுக்கும் டிரிக்கரை விட்டால் மூக்கு கீழே போகும், அழுத்தினால் மேலே தூக்கும். நான் விடவில்லை என்றுதான் நினைத்தேன். ஆகவே சஸ்பென்ஷன் மேல் சந்தேகம். குலுக்கலைத் தாங்கும் பின் ஷாக்கில் கெட்டியான ஆயில் ஊற்றினேன். முன் ஸ்பிரிங்கை மென்மையானதாக மாற்றினேன். ஸ்டீயரிங் கம்பிகளின் முனையில் ஆட்டம் இருக்கிறதா என்று ஒவ்வொன்றாக அசைத்துப் பார்த்தேன். எல்லாம் இறுக்கமாக இருந்தன. அடுத்த வாரமும் வால் ஆடியது.

மோட்டாரும் திருப்பத்திலிருந்து வெளியே வரும்போது விக்கி விக்கி இழுத்தது. தம்பி அதன் கன்ட்ரோலரில் எடுப்பைக் குறைத்து வைத்தான். டிரிக்கரை அழுத்தியதும் பாயாமல் நிதானமாகக் கிளம்பும். அப்படியும் விக்கியது.

"குடுக்கா, நான் ஒரு ரவுண்டு ஓட்டிப் பாக்குறேன்" என்று ரிமோட்டை வாங்கினான்.

என் வண்டி நூல் பிடித்தாற்போல ஓடியது. மேட்டில் ஏறி, நான்கு சக்கரமும் ஒன்றாகத் தரையில் பதிய இறங்கியது. மோட்டார் சத்தத்தில் ஒரு விக்கல்கூட இல்லை. அவன் ரிமோட்டைத் திருப்பிக் கொடுத்தான். நான் ஓட்டினேன். வால் ஆடியது.

நான் என் விரலைப் பார்த்தேன். டிரிக்கரின் மேல் அது துடித்துக்கொண்டிருந்தது, லேசாக, விடாமல். அவனும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். "வெயில் ஏறிடுச்சு, போலாம்" என்று சொல்லிவிட்டுப் பேட்டரியைக் கழற்றினான்.

எங்கள் அப்பாவுக்குக் கை நடுக்கத்தில்தான் ஆரம்பித்தது. பார்க்கின்சன். டம்ளரைப் பிடிக்க முடியாமல், பிறகு சட்டைப் பொத்தான் போட முடியாமல், கடைசியில் முகத்தில் சிரிப்பு கூட வராமல் போய்ச் சேர்ந்தார். அவருக்கு அது வந்த வயதை நான் நெருங்கிக்கொண்டிருந்தேன்.

மறுநாள் லேபில் முதலில் வந்தவர் ஒரு கர்ப்பிணிப் பெண். அவள் கையில் பட்டையைக் கட்டி, நரம்பைத் தடவிக் கண்டுபிடித்துவிட்டு, ஊசியை எடுத்தேன். நுனி ஆடியது. என் மணிக்கட்டை அவள் கைமேல் ஊன்றிக்கொண்டதும் நின்றது. இத்தனை நாளாக அப்படித்தான் ஊன்றி ஊன்றிச் சமாளித்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது. "வலிக்குமாக்கா?" என்றாள். "எறும்பு கடிச்சாப்ல இருக்கும்மா" என்றேன். அவளுக்கு எடுத்து முடித்ததும் கூட வேலை செய்யும் பெண்ணிடம் தலைவலி என்று சொல்லி ஊசியை ஒப்படைத்துவிட்டு, கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டேன். அந்த வாரம் முழுக்கத் தலைவலி என்றே சொன்னேன்.

நரம்பு டாக்டரின் கிளினிக் இரண்டு தெரு தள்ளித்தான். போக எனக்குத் தைரியம் வரவில்லை. தம்பிதான் டோக்கன் போட்டு, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனான். காத்திருந்த இடத்தில் எதிரே ஒரு பெரியவர். மடியில் கிடந்த அவர் கையின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மாத்திரை உருட்டுவது போல அசைந்துகொண்டே இருந்தன. முகம் அசையவில்லை. எழுந்து போய்விடலாமா என்று பார்த்தேன். தம்பி என் பை வாரைப் பிடித்துக்கொண்டிருந்தான்.

அப்பாவுக்கு இருந்ததைத் தம்பி சொன்னதும், டாக்டர் அம்மா என்னைக் கையை நீட்டச் சொன்னார். விரல்கள்மேல் ஒரு தாளை வைத்தார். தாள் படபடத்தது. கையை மடியில் போடச் சொன்னார். நடுக்கம் நின்றது. நடக்கச் சொன்னார், விரல்களைத் தட்டச் சொன்னார், சுருள் வரையச் சொன்னார்.

"எடை குறைஞ்சிருக்கா?"

"கொஞ்சம்."

"படபடப்பு? ரொம்ப வேர்க்குதா?"

"திருச்சியில யாருக்கு டாக்டர் வேர்க்காது?"

அவர் சிரித்தார். "உங்கப்பாவுக்கு வந்தது மாதிரி தெரியலம்மா. அதுல கை சும்மா கிடக்குறப்ப ஆடும். உங்களுக்கு நீட்டினாத்தான் ஆடுது. எதுக்கும் தைராய்டு பாத்துடலாம்."

தினமும் எத்தனையோ பேருக்கு நான் எடுக்கும் டெஸ்ட் அது. எடை, படபடப்பு, வியர்வை, எல்லாம் எனக்குத் தெரிந்த அடையாளங்கள். அப்பாவின் டம்ளரைத் தவிர வேறு எதுவும் என் புத்திக்கு எட்டவில்லை.

கூட வேலை செய்பவள்தான் எனக்கு ரத்தம் எடுத்தாள். மாலையில் முடிவு வந்தது. தைராய்டு ஏகத்துக்கு அதிகமாகச் சுரந்துகொண்டிருந்தது. மாத்திரையில் அடங்கும் என்றார் டாக்டர்.

தம்பி வீட்டுக்குப் போய்ச் சொன்னேன். மேஜைமேல் அவன் பக்கியின் ஷாக்குகளைப் பிரித்துப் போட்டிருந்தான். கேட்டதும் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டான். கொஞ்ச நேரம் ஆயில் படிந்த கைகளையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"அன்னிலேருந்து நானும் பாத்ரூம்ல கதவச் சாத்திக்கிட்டு கைய நீட்டி நீட்டிப் பாத்துக்கிட்டிருந்தேன்க்கா" என்றான். "எனக்கும் அவர்தானே அப்பா."

எனக்கு அது தோன்றவே இல்லை. பக்கத்தில் போய் அவன் முதுகைத் தடவினேன். இருவரும் அழவில்லை. அவன் மனைவி காபி கொண்டு வந்து வைத்துவிட்டு உள்ளே போனாள்.

நடுக்கம் உடனே போய்விடவில்லை. அதுவரைக்கும் ஓட்டாமல் இருக்க வேண்டாம் என்று தம்பி என் ரிமோட்டின் அமைப்பை மாற்றினான். ஸ்டீயரிங்கையும் டிரிக்கரையும் கொஞ்சமாக அசைத்தால் வண்டி கண்டுகொள்ளாது, நன்றாகத் திருப்பினால்தான் கேட்கும். நான் ஊற்றிய கெட்டி ஆயிலை வடித்துவிட்டுப் பழைய ஆயிலே ஊற்றினோம். முன் ஸ்பிரிங்கும் பழையதே. வண்டிமேல் எந்தக் குற்றமும் இருந்ததில்லை.

மழைக்காலம் தொடங்குவதற்குள் ஊசி பிடிக்கும் அளவுக்குக் கை ஆடாமல் நின்றது. மருங்காபுரிப் பக்கம் ஒரு தோட்டத்தில் நடந்த பந்தயத்துக்கும் போனோம். ஓட்டுபவர்கள் நிற்கும் மேடைமேல் ஏறினேன். இரண்டாவது சுற்றிலேயே வண்டி மேட்டில் இடித்துக் கவிழ்ந்தது. கவிழும் வண்டிகளைத் தூக்கிவிட அங்கே நின்றவர் ஓடிப்போய் நிமிர்த்திவிட்டார். கடைசிக்கு முந்தைய ஆளாக வந்தேன். கடைசியாக வந்தவன் என் தம்பி.