சம்மனசு கையில் சிவப்புப் புட்டி

போன மாசியில் என் மகன் என்னைத் தேனிக்குக் கூட்டிப்போய்க் கூடாரக் கொட்டகையில் பேசும் படம் காட்டினான். பிள்ளையைப் பறிகொடுத்த ஒரு ராணியின் கதை. அழுது முடித்த ராணி முகம் கழுவ எழுந்தாள். மாடத்திலிருந்த சோப்புப் பெட்டியை எடுத்தவள், அதில் எழுதியிருந்த பெயர் எங்களுக்குத் தெரியும்படி திருப்பி வைத்துவிட்டுத்தான் மறுபடி அழத் தொடங்கினாள். பக்கத்தில் மருமகள் அந்தப் பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டாள். புழுக்கமாக இருக்கிறது என்று பொய் சொல்லிவிட்டு வெளியே வந்து நின்றேன்.

பெட்டியைத் திருப்பிய அந்தக் கையை எனக்குத் தெரியும். எட்டு வயதில் நானும் அதைச் செய்திருக்கிறேன்.

சின்னமனூருக்குத் தெற்கே இருக்கும் எங்கள் ஊர் வேதக்காரர் ஊர், எல்லோரும் கிறிஸ்தவர்கள். கோயில் திருநாளுக்கு வருடந்தோறும் வாசாப்பு போடுவோம். புனிதர்களின் கதையை ஊர்க்காரர்களே பாட்டும் வசனமுமாக நடிக்கும் நாடகம் அது. நாடகம் என்று நாங்கள் யாரும் சொல்லமாட்டோம். ஆடுகிறவர்கள் ஒருவேளை மட்டும் சாப்பிட்டு ஒருசந்தி இருப்பார்கள். பார்க்கிறவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு உட்காருவார்கள். மேடையில் கேட்ட வார்த்தை பூசையில் கேட்ட வார்த்தைக்கு ஒரு படி கீழே, அவ்வளவுதான்.

வாசாப்பைப் பழக்கும் அண்ணாவி என் பெரியப்பா. அப்போது மலைக்கு மேலே பெரியாற்றில் அணை கட்டிக்கொண்டிருந்தார்கள். அப்பாவும் அங்கேதான் இருந்தார். வேலைக்குப் போன எங்கள் ஊர் ஆட்கள் பலர் முறைக்காய்ச்சலோடு இறங்கி வந்தார்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் உடம்பைத் தூக்கிப் போடும் காய்ச்சல். அது ஊருக்குள்ளும் பரவியது. வானதூதரைச் சம்மனசு என்போம். அந்த வேஷம் கட்டவேண்டிய பையனும் படுத்துவிட்டான். பெரியப்பா என்னைப் பிடித்து நிறுத்தினார். பொம்பளைப் பிள்ளை மேடை ஏறுவதா என்று ஊர் முணுமுணுத்தது. பெரியப்பா காதில் எதுவும் விழவில்லை.

போடிக் கடைத்தெருவில் மருந்து விற்கும் ஒரு முதலாளி அந்தச் சமயத்தில்தான் வந்து சேர்ந்தார். தீப்பந்தத்துக்குப் பதிலாக நான்கு கண்ணாடி விளக்குகள் தருகிறேன், சம்மனசு இறக்கைக்கு மல் துணியும் தருகிறேன் என்றார். அதற்கு அவர் கேட்டது சின்ன விஷயம். கதையில் புனிதர் காட்டில் காய்ச்சலாய்க் கிடப்பார். சம்மனசு வந்து உள்ளங்கையில் தண்ணீர் ஏந்திக் கொடுத்ததும் எழுந்துவிடுவார்.

“தண்ணிக்குப் பதிலா இந்தப் புட்டி. அம்புட்டுத்தான் அண்ணாவி” என்றார் முதலாளி.

புட்டிக்குள் சிவப்பாக ஒரு காய்ச்சல் மருந்து. பெரியப்பா ஒரு நாள் யோசித்தார். உள்ளங்கைத் தண்ணீர் தூரத்தில் உட்கார்ந்தவர்களுக்குத் தெரியாது, புட்டி என்றால் தெரியும் என்று மறுநாள் தன் சொந்த யோசனைபோல ஊருக்குச் சொன்னார். விளக்கு ஆசை யாரை விட்டது?

முதலாளி எனக்குத் தாமே பழக்கிக் கொடுத்தார். “ஆத்தா, புட்டிய நெஞ்சுக்கு நேராப் பிடி. சீட்டு சனங்க பக்கம் இருக்கணும். வெரலு அத மறைக்கக் கூடாது. மனசுக்குள்ள பத்து எண்ணிட்டுப் பெறகு குடு.” புட்டியில் ஒட்டியிருந்த சீட்டில் ஒரு பூவும் நாலு வரி எழுத்தும் இருந்தன. அதை வாசிக்கத் தெரிந்தவர்கள் ஊரில் மிகச் சிலர்.

இறக்கையை அம்மாதான் தைத்தாள். மூங்கில் சிம்பை வளைத்து, துணியை இழுத்துக் கட்டி, மூன்று நாள் குனிந்த தலை நிமிராமல் தைத்தாள். ஊசி குத்தி இடது இறக்கையில் ஒரு துளி ரத்தம் பட்டுவிட்டது. அதன்மேல் ஜிகினாத் தாளை ஒட்டி மறைத்தாள்.

விடிய விடிய நடக்கும் வாசாப்பில் என் காட்சி விளக்கேற்றிய உடனே வந்துவிட்டது. பின்னால் இருந்த கண்ணாடி விளக்கின் வெளிச்சத்தில் புட்டி தணலாக ஒளிர்ந்தது. சீட்டைத் திருப்பிப் பிடித்தேன். பத்து எண்ணினேன். புனிதர் குடித்தார், எழுந்தார், பாடினார். பெண்கள் நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மறுநாள் காலை முதலாளியின் மாட்டுவண்டி கோயிலுக்கு எதிரே நின்றது. உச்சி வெயிலுக்குள் வண்டி காலி. அதற்குள் மருந்துக்குப் பெயரும் மாறிவிட்டிருந்தது. சம்மனசு மருந்து என்றார்கள். அம்மாவும் ஒரு மரக்கால் கம்பு கொடுத்து ஒரு புட்டி வாங்கி வைத்தாள்.

என் தம்பிக்கு அப்போது நாலு வயது. திருநாளுக்கு முன்பே அவனுக்கும் முறைக்காய்ச்சல் வந்திருந்தது. கோயிலில் பூசை வைக்கும் சுவாமியார் காய்ச்சலுக்குக் கொயினாத் தூள் கொடுத்திருந்தார். கசப்பு தாங்காமல் பாதியைத் துப்பினாலும், மீதி உள்ளே போனதில் காய்ச்சல் தணிந்திருந்தது. “நான் வர்ற வரைக்கும் நிறுத்திராதம்மா” என்று சொல்லிவிட்டு, திருநாள் முடிந்ததும் ஆண்டிபட்டிப் பக்கத்து ஊர்களுக்குப் பூசை வைக்கப் போனார் சுவாமியார்.

அவர் போன பிறகு தம்பி கொயினாவைக் கண்டாலே பல்லைக் கடித்துக்கொண்டான். காய்ச்சல் திரும்பி வந்தது. வாசாப்பில் என்னைப் பார்த்தவன் அல்லவா?

“சம்மனசு குடுத்தாத்தான் குடிப்பேன்” என்றான்.

அம்மா எனக்கு இறக்கையைக் கட்டிவிட்டாள். நான் மெல்ல நடந்துபோய் அவன் பாயருகே நின்றேன். சிவப்புப் புட்டியை நெஞ்சுக்கு நேரே பிடித்து, சீட்டை அவன் பக்கம் திருப்பி, பத்து எண்ணிக் கொடுத்தேன். தம்பி ஒரு சொட்டு விடாமல் குடித்துவிட்டு உதட்டை நக்கினான். மறுநாள் காய்ச்சல் இல்லை. அது காய்ச்சல் வராத முறைநாள் என்பதை யாரும் நினைக்கவில்லை. அம்மா கொயினாப் பொட்டலத்தை அடுப்பில் போட்டாள்.

அதற்கடுத்த நாள் காய்ச்சல் வந்தது. நானும் வந்தேன். அப்படி ஐந்து முறை இறக்கை கட்டினேன். கடைசி முறை மருந்து அவன் கடைவாயில் வழிந்து கழுத்தில் இறங்கியது. அன்று சாயங்காலம் தம்பி இறந்துபோனான்.

அறியாத வயதில் சாகிற பிள்ளை சம்மனசாகிவிடும் என்பது எங்கள் நம்பிக்கை. அம்மா என் இறக்கைகளை அவனுக்குக் கட்டி அனுப்பினாள். நான் அலறி அழுதேன். தம்பிமேல் எவ்வளவு பாசம் என்று பெண்கள் என்னை அணைத்துக்கொண்டார்கள். நான் அழுதது இறக்கைக்காக. இதை இன்றுவரை யாரிடமும் சொன்னதில்லை.

சுவாமியார் வந்து புட்டியில் மிச்சமிருந்ததை நாக்கில் விட்டுப் பார்த்தார். சர்க்கரைப் பாகும் சாயமும் என்றார். பெரியப்பா சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றார். அதன்பின் அவர் வாசாப்பு பழக்கவில்லை. முதலாளியின் வண்டி எங்கள் ஊருக்கு வரவில்லை. ஓடைப்பட்டித் திருவிழாவுக்குப் போனதாகச் சொன்னார்கள். அங்கே எந்தப் பிள்ளை புட்டியைப் பிடித்ததோ.

சீட்டை நான் கோணலாகப் பிடித்திருப்பேன், அதனால்தான் மருந்து பலிக்கவில்லை என்று வெகுநாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பு வளர்ந்ததும் போய்விட்டது. போகாதது வேறொன்று.

முதல் நாள் நான் இறக்கையோடு வந்தபோது, அம்மா முந்தானையைத் தலைக்குப் போட்டு, முழங்காலில் நின்று, கைகூப்பியிருந்தாள். “சம்மனசு வந்துருக்காக, வாயத் தொற ராசா” என்றாள். பெற்ற மகளுக்குப் போய் இத்தனை மரியாதையா என்று எனக்குச் சிரிப்பு முட்டியது. அவனைக் குடிக்கவைக்க அம்மாவும் என்னோடு சேர்ந்து நடிக்கிறாள் என்று நினைத்தேன். என்னைவிட நன்றாக நடிக்கிறாளே என்று பொறாமைகூடப் பட்டேன்.

மருந்தைக் குடித்ததும் தம்பி தூங்கிவிட்டான். வீட்டில் வேறு யாரும் இல்லை. அம்மா எழுந்திருக்கவில்லை. முழங்காலாலேயே என் அருகில் வந்து, தான் ஜிகினா ஒட்டி மறைத்த அந்த இடது இறக்கையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். பிள்ளைதான் தூங்கிவிட்டானே, இனி யாருக்காக நடிக்கிறாள் என்று எனக்கு அப்போது கேட்கத் தோன்றவில்லை.