ஊடு என்று பெயர் வைத்த சிக்னல்

ஜின் உண்டு என்று வேதக் கிதாபில் இருக்கிறது, அதை மறுக்கமாட்டேன். ஆனால் கண்டேன் என்று எவனாவது கதை எடுத்தால் எழும்பிப் போகிற ஆள் நான். கரண்ட் இல்லாமல் எதுவும் வேலை செய்யாது என்பதுதான் என் தொழிலே.

யுத்தம் முடிந்த வருடம், கல்முனையில் ஒரு நிவாரண அலுவலகத்தின் கம்ப்யூட்டர் வலையமைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் காலை கொழும்பு மேலதிகாரி போன் எடுத்தார். அனுமதியில்லாத வைஃபை ஒன்று எங்கள் வலையமைப்புக்குள் புகுந்திருக்கிறதாம், பெயர் 'ஊடு'.

"ஊடுருவல்தானே அது? ஸ்டோர் நவாஸ்ல எனக்கு சந்தேகம். பின்னேரத்துக்குள்ள அந்த ரவுட்டர் பெட்டியப் பிடிக்காட்டி அவர்ட பேர மேல குடுப்பன்."

எங்கள் பக்கம் வீட்டைத்தான் ஊடு என்போம் என்று சொல்லிப் பார்த்தேன், மனுஷன் கேட்டால்தானே. அந்த நாட்களில் பேர் மேலே போனால் ஆமி ஜீப் வரும். திரும்பி வருவது அல்லாஹ்வின் கையில்.

ஸ்டோர் பொறுப்பாளர் நவாஸை நாங்கள் காக்கா, அதாவது அண்ணன், என்போம். சுனாமியில் மனைவி ஜெஸீமாவைப் பறிகொடுத்தவர். "சத்தியமா நான் ஒரு பெட்டியும் கொண்டு வந்து பூட்டல்ல தம்பி" என்றார். நான் நம்பினேன், கொழும்பு நம்ப வேண்டுமே. லெப்டொப்பைத் திறந்து பிடித்துக்கொண்டு சிக்னல் கோடு கூடுகிற பக்கமாக நடந்தேன், அவரும் பின்னால் வந்தார். அலுவலகத்துக்குள் ஒரு கோடுதான், கடற்கரை வீதியைத் தாண்டினால் இரண்டு, மூன்று. நம்பினால் நம்புங்கள், கோடுகள் நிறைந்து நின்ற இடத்தில் உடைந்த அத்திவாரமும் ஒரு கிணறும்தான் இருந்தன. கரண்ட் கம்பம்கூட அந்தப் பக்கம் இல்லை.

"இது எங்கட ஜெஸீமாட ஊடு தம்பி" என்றார். எங்கள் ஊர்களில் வீடு பெண்ணுக்குத்தான், மாப்பிள்ளை அங்கே போய் வாழ்பவன்.

லெப்டொப்பை மூடித் திரும்பவும் திறந்து பார்த்தேன், ஒரு கோடும் குறையவில்லை. "காக்கா, இந்த சிக்னல் நிக்காட்டி உங்களக் கொண்டு போவானுகள்" என்றேன்.

அவர் கிணற்றடியைப் பார்த்து, சமையலறையில் நிற்கிற ஆளோடு கதைப்பது போல, "நிப்பாட்டு புள்ள, என்னப் புடிச்சிருவானுகள்" என்றார்.

கோடுகள் போயின. கொழும்பிலும் அது காணாமல் போனதாம், காக்காவை விட்டுவிட்டார்கள்.

நல்லதுதானே என்பீர்கள். ஆனால் பெட்டியை நிறுத்தினால் சிக்னல் ஒரேயடியாக அறும். யாராவது தூக்கிக்கொண்டு நடந்தால்தான் கோடு கோடாகக் குறையும். அன்றைக்குக் கோடு கோடாகத்தான் குறைந்தது. நாங்கள் இரண்டு பேரும் நின்ற இடத்தை விட்டு அசையவில்லை, எங்களுக்கு முன்னால் கடல் மட்டும்தான். அதைக் காக்காவிடம் நான் இன்றுவரை சொல்லவில்லை.