தொண்ணூற்றேழில் பாம்பு

பிள்ளைகளே, கணக்கென்றால் நீங்கள் முகத்தைத் தூக்கிவைத்துக்கொள்ளும்போதெல்லாம் எனக்கு மேற்கு மாம்பலத்துப் பள்ளிக்கூடம்தான் நினைவுக்கு வரும். மூன்றாம் வகுப்பில் எங்கள் யாருக்கும் கூட்டல் வரவில்லை. டீச்சர் வாய்ப்பாடு சொல்லவைத்தார், முட்டி போடவைத்தார். கடைசியில் மயிலாப்பூர்க் குளக்கரையில் ஒரு பரமபதப் படம் வாங்கிவந்து வகுப்பு நடுவில் விரித்தார்.

தாயக்கட்டையை உருட்டி, நிற்கிற கட்டத்தோடு விழுந்ததைக் கூட்டிச் சொல்ல வேண்டும். சரியாகச் சொன்னால் காய் நகரும். தப்பென்றால் நின்ற இடத்திலேயே நிற்கும். அவ்வளவுதான் விதி.

சீக்கிரமே கூட்டல் வந்துவிட்டது. தொண்ணூறுக்கு மேல் மட்டும் எல்லோரும் தடுமாறினோம். பெரிய எண் ஆயிற்றே என்று டீச்சர் அதற்குத் தனியாகப் பாடம் எடுத்தார்.

தலைமையாசிரியருக்கு இது பிடிக்கவில்லை. பள்ளிக்கூடத்தில் தாயக்கட்டையா என்றார். இன்ஸ்பெக்டர் பார்த்துச் சரியென்றால் இருக்கட்டும், இல்லையென்றால் படம் தன் அறைக்கு வந்துவிட வேண்டும் என்றார். படம் போனால் எங்களுக்கு மறுபடி வாய்ப்பாடும் முட்டியும்தான்.

இன்ஸ்பெக்டர் வந்த அன்று, வகுப்பிலேயே கெட்டிக்காரியான பூக்காரம்மா மகளை டீச்சர் ஆடவிட்டார். அவள் காய் தொண்ணூற்று மூன்றில் இருந்தது. நாலு விழுந்தது.

“தொண்ணூத்தெட்டு சார்,” என்றாள்.

விரல் விட்டு எண்ணிப் பார் என்றார் இன்ஸ்பெக்டர். அவள் எண்ணவில்லை.

“தொண்ணூத்தேழுன்னு தெரியும் சார். அங்க பாம்பு கீதே.”

என் பக்கத்தில் இருந்தவன் அவளுக்குப் பரிந்துகொண்டு வந்தான். “தெரிஞ்சே போயி யாராச்சும் அது வாயில குந்துவாங்களா சார்?”

எங்கள் தடுமாற்றத்தின் காரணம் டீச்சருக்கு அப்போதுதான் புரிந்தது. இன்ஸ்பெக்டர் வயிறு குலுங்கச் சிரித்தார். கணக்கு பிரமாதம், உண்மை பேசுவதுதான் கொஞ்சம் கம்மி என்று தலைமையாசிரியரிடம் சொல்லிவிட்டுப் போனார். தலைமையாசிரியர் காதில் பின்பாதி மட்டும் விழுந்தது. படம் அவர் அறைக்குப் போயிற்று. நாங்கள் ஆடும் நேரத்தில் அவரே வந்து எங்களுக்கு நீதிபோதனை நடத்தினார். பொய் சொல்லக் கூடாது என்பதுதான் முதல் பாடம்.

ஒருநாள் மத்தியானம் டீச்சர் என்னைச் சாக்பீஸ் வாங்கிவர அனுப்பினார். தலைமையாசிரியர் அறையில் மேசைமேல் படம் விரிந்திருந்தது. எதிரே ஐந்தாம் வகுப்பு வாத்தியார்.

“அது தொண்ணூத்தேழு இல்ல சார். நல்லா எண்ணிப் பாருங்க,” என்று தன் காயைக் காட்டிச் சொல்லிக்கொண்டிருந்தார் தலைமையாசிரியர்.

வாத்தியார் குனிந்து கட்டம் கட்டமாக எண்ணினார். தலைமையாசிரியர் எண்ணவில்லை.