பட்டுக் கயிறு கட்டிய கார்

என் கணவருக்குப் பட்டுக் கடையில் அரை நாழிகை உட்கார்ந்தால் முதுகு வலிக்கும். காரில் நாள் முழுக்க உட்கார்ந்தாலும் ஒன்றும் செய்யாது. மாமனார் அந்தப் பழைய காரை வாங்கியது மதராஸ் கடைகளுக்குப் புடவைக் கட்டுகளைக் கொண்டுபோக. இவரோ அதை எங்கள் ஊருக்கு வெளியே முசரவாக்கம் பக்கத்து நேர் ரோட்டில் விரட்டிப் பழகிக்கொண்டிருந்தார். எதிரே வந்த மாட்டுவண்டிக்காரர்களின் வசவு எங்கள் தெரு வரைக்கும் வந்து சேரும்.

அறுபதுகளின் கடைசி அது. சோழவரத்தில், உலகச் சண்டைக் காலத்தில் போட்ட விமான ஓடுதளத்தில் வருஷா வருஷம் கார்ப் பந்தயம் நடக்கும். பெரிய பந்தயங்களுக்கு நடுவே, சொந்தக் கார் வைத்திருப்பவர்கள் ஆசைக்கு ஓட்ட ஒரு சின்னப் பந்தயமும் உண்டு. பெயர் கொடுத்துவிட்டு வந்து அப்புறம்தான் என்னிடம் சொன்னார். எனக்கு அப்போது நாலு மாதம். நான் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசியில் காமாட்சி சன்னதியில் கற்பூரத் தட்டின் மேல் கை வைத்து, இந்த ஒரே தடவைதான், பிறகு பந்தயத்தின் பேச்சே எடுக்க மாட்டேன் என்று சத்தியம் செய்தார். நம்பினேன். ஆனாலும் வீட்டில் உட்கார்ந்து வாசலைப் பார்த்துக்கொண்டிருக்க என்னால் ஆகாது, நானும் வருவேன் என்று நின்றேன். துணைக்கு என் அண்ணன் வந்தார்.

அண்ணன் நெசவாளி. தறியில் உட்கார்ந்தால் தறிச் சத்தம் ஓயாத எங்கள் பிள்ளையார்பாளையத்திலேயே அவர் கைக்கு ஈடு கிடையாது. அது அவருக்கும் தெரியும், அதுதான் தொல்லை.

சோழவரத்தில் நிழல் என்பதே இல்லை. தார் உருகும் வாசனையும் பெட்ரோல் நெடியும் சேர்ந்து குமட்டியது. ஓடுதளத்தின் ஓரமாக வைக்கோல் கட்டுகளை அடுக்கியிருந்தார்கள். எதற்கு என்று கேட்டேன். கார் வந்து மோதினால் தாங்குவதற்கு என்றார் இவர். மாட்டுக்குப் போடுவதை மனுஷனுக்குப் போட்டிருக்கிறார்களே என்றேன். வழக்கமாகச் சிரிப்பவர் அன்று சிரிக்கவில்லை. கொஞ்சம் தள்ளி, பின்கதவு இரண்டும் திறந்தபடி ஓர் ஆஸ்பத்திரி வேன் நின்றது. உள்ளே விரித்திருந்த வெள்ளைத் துணியை நான் பார்க்காமல் இருந்திருக்கலாம்.

பந்தயத்துக்கு முன் ஓர் அதிகாரி கார் காராகப் பார்த்துக்கொண்டு வந்தார். வேகத்தில் காற்று புகுந்தால் எஞ்சின் மேல் மூடியான பானட் தூக்கிக்கொள்ளும், அதனால் அதை வார் போட்டுக் கட்டியிருக்க வேண்டும் என்பது விதி. மற்றவர்கள் தோல் வார் கொண்டு வந்திருந்தார்கள். எங்களிடம் இல்லை. வார் இல்லாவிட்டால் ஓட்ட முடியாது என்று அவர் சொன்னதும், தப்பித்தோம் என்று மனசுக்குள் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் நேர்ந்துகொண்டேன்.

அண்ணன் காரின் பின்பக்கத்தைத் திறந்தார். தறியில் நீளவாட்டில் ஓடும் பட்டு இழைகளான பாவு, அறுத்தது போக மீதி ஒரு பையில் கிடந்தது. அதை எடுத்து விரல் கனத்துக்கு முறுக்கிக் கயிறாக்கி, பானட்டின் கைப்பிடிக்கும் பம்பருக்குமாகச் சுற்றினார். இரண்டு முனைகளும் சேருகிற இடத்தில் முடிச்சுப் போடவில்லை. எங்கள் நெசவில் பழைய பாவோடு புதிய பாவைச் சேர்க்கும்போது முடிச்சுப் போடுவதில்லை. இழைகள் நுழைந்து வரும் சீப்பு மாதிரியான அச்சின் பல்லில் முடிச்சு மாட்டி இழையை அறுத்துவிடும். சாம்பலைத் தொட்டு இரண்டு இழைகளையும் ஒன்றாக முறுக்கிப் பிணைத்துவிடுவோம். அண்ணன் டீக்கடை அடுப்பிலிருந்து சாம்பல் வாங்கி வந்து அப்படியே பிணைத்தார். அதிகாரி பலமாக இழுத்துப் பார்த்தார். நின்றது. தலையாட்டிவிட்டுப் போய்விட்டார்.

தறியில் பாவு ஒரே சீராக இழுபடும், யாரும் அதைப் பிடித்து உலுக்குவதில்லை. இது கார்.

“அண்ணா, ஒரு முடிச்சு போட்டுடு.”

“நெசவுக்காரன் வூட்ல பொறந்துட்டு முடிச்சு போடச் சொல்றியேம்மா. என் கையால பிணைச்சது என்னிக்காவது வுட்டு இருக்குதா?”

விட்டதில்லை, உண்மைதான். இவரிடம் சொன்னேன். மச்சான் கை, அது நிற்கும் என்று ஸ்டியரிங்கைத் தடவிக்கொண்டே சொன்னார். முடிச்சை நானே போட்டுவிடலாம் என்று போனேன். கார்கள் கிளம்பப் போகின்றன, உள்ளே வரக்கூடாது என்று தடுத்துவிட்டார்கள்.

முதல் இரண்டு சுற்றும் ஒன்றும் ஆகவில்லை. இவர் நடுவில் வந்துகொண்டிருந்தார். மூன்றாவது சுற்றில் எங்களைக் கடந்தபோது, பிணைத்த இடம் முறுக்குப் பிரிந்து பூனை வால் மாதிரி உப்பியிருந்தது. அண்ணனும் பார்த்துவிட்டார். தோள் துண்டை எடுத்து வீசிக்கொண்டு ஓரமாகவே ஓடினார். அந்த இரைச்சலில் யார் பார்ப்பார்கள்?

அடுத்த சுற்றில் பானட் எழுந்து கண்ணாடி மேல் சாய்ந்தது. கார் மட்டும் அதே வேகத்தில் நேராகப் போனது. எஞ்சின் சத்தம் இப்போது குறையும், இப்போது குறையும் என்று கேட்டுக்கொண்டே நின்றேன். குறையவில்லை. வளைவில் திரும்பாமல் வைக்கோலைப் பிய்த்துக்கொண்டு முள்காட்டுக்குள் போய்ப் புழுதியில் மறைந்தது. ஆஸ்பத்திரி வேன் என்னைத் தாண்டி ஓடியது. கால் எங்கே வைத்தேன் என்று தெரியாமல் நானும் ஓடினேன். அம்மா காமாட்சி, இந்தப் பிள்ளை அப்பன் முகம் பார்க்க வேண்டும், வேறு எதுவும் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே ஓடினேன்.

இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க உட்கார்ந்திருந்தார். நெற்றியில் ஒரு கீறல், அவ்வளவுதான். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று சுற்றி நின்றவர்கள் சொன்னார்கள். அண்ணன் பம்பரைப் பிடித்துக்கொண்டு குழந்தை போல அழுதார்.

எனக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது.

“கண்ணு மறைச்சதும் பிரேக் போட வேணாமா? சத்தம் கொறையவே இல்லியே.”

அவர் என்னைப் பார்த்தார். முகம் அவ்வளவு தெளிவாக இருந்து நான் பார்த்ததே இல்லை.

“அப்பதாம்மா நல்லா இருந்துது. எதுவுமே தெரியல. போய்க்கினே இருந்தேன்.”

பிறகு அண்ணனின் தோளைத் தட்டி, அடுத்த வருஷத்துக்கு நல்ல தோல் வாராக மதராஸில் எங்கே கிடைக்கும் என்று விசாரிக்கச் சொன்னார். நான் வயிற்றில் கையை வைத்துக்கொண்டு அந்த முள்காட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். உயிரோடு கிடைத்தார் என்ற சந்தோஷம் எனக்கு அரை நிமிஷம்கூட நிற்கவில்லை.