ஷைனியின் தொண்டையில் தெரிந்த கட்டி

காக்ஸ் டவுனில் இருக்கிறோம். என் ஐந்து வயது மகள் ஷைனி, சர்ச் சண்டே கிளாஸ் பாட்டை வாய் நிறையப் பாடிக்கொண்டிருந்தாள். அப்போதுதான் நாக்குக்குப் பின்னால், தொண்டைக்குள் வெளிறிய கட்டிபோல ஏதோ எழும்பி நிற்பதைக் கண்டேன்.

வலியும் இல்லை, காய்ச்சலும் இல்லை. அது இன்னும் பயமாக இருந்தது. செல்போனில் தேடினால் புற்றுநோய் என்றே வந்தது. டார்ச் அடித்து, "ஆ காட்டு பாப்பா" என்று குழந்தையைப் படுத்தி எடுத்தேன்.

"பாத்துக்கிட்டே இருந்தா போயிடுமா? கிளம்பு, டாக்டர்கிட்ட போலாம்" என்றார் கணவர்.

டாக்டர் ஷைனியைப் பார்த்துவிட்டு என் கணவரிடம், "சார், நீங்க வாயத் தொறங்க" என்றார். அவருக்கும் அதேபோல் நின்றது.

"இது குரல்வளை மூடிம்மா. சாப்பாடு மூச்சுக்குழாய்க்குள்ள போகாம தடுக்கும். எல்லாருக்கும் இருக்கு. இவங்க ரெண்டு பேருக்கும் கொஞ்சம் மேல இருக்கு, அவ்ளோதான்."

இப்போதெல்லாம் சந்தேகம் வந்தால் நேரே டாக்டரிடம்தான் போகிறேன். ஆனால் ஒருநாள் கரண்ட் போய் டார்ச் போட்டேன். ஷைனி விளையாட்டை விட்டுவிட்டு வந்து, என் முன்னால் வாயைத் திறந்துகொண்டு நின்றாள்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் கரண்ட் போனால் மெழுகுவர்த்திதான்.