எந்தப் பக்கம்?

சாப்பாடு முடிந்ததும் டோர்டே ஸ்கோவ் எதிரில் இருப்பவரின் தொண்டையைத்தான் பார்ப்பார். அது லேசாக ஏறி இறங்கினால் போதும், கைக்கடிகாரத்தைப் பார்த்து "ஒண்ணு" என்பார். ஜெர்மனியின் பான் நகரக் காலநிலை மாநாட்டு உணவகத்தில் இந்த வாரம் அப்படி மாட்டிக்கொண்டவர்களில் இரண்டு துணை அமைச்சர்களும் உண்டு.

டோர்டே எங்கள் டென்மார்க் குழுவின் விஞ்ஞானி. ஜட்லாந்துத் தொழுவங்களில் இருபத்திரண்டு வருடங்களாக மாட்டு ஏப்பத்தை அளக்கிறார். பூமியைச் சூடாக்கும் மீத்தேன் மாட்டிடமிருந்து பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகிறது. அவருடைய கோட்டில் எந்நேரமும் புளித்த தீவன வாசனை. கோபன்ஹேகனிலிருந்து ரயிலில் பக்கத்தில் உட்கார்ந்து வந்த எனக்குத் தெரியும்.

மாநாட்டு வரைவின் நாற்பத்தொன்றாம் பக்கமோ, 'கால்நடைகள் பின்புறமாக வெளியேற்றும் வாயு' என்றது.

"பின்புறமாம்! எழுதினவன் மாட்ட நேர்ல பாத்திருப்பானா?" ரொட்டி டப்பாவை மேசையில் ஓங்கி வைத்தார்.

"ஒரு வார்த்தைதானே, டோர்டே" என்றேன்.

"ஒரு வார்த்தையா? இது இப்படியே அச்சாச்சுன்னா, ஏப்பத்தக் குறைக்கிற என் தீவன ஆராய்ச்சிய மூடிட்டு, வாலுக்குக் கீழ பை கட்டுங்கன்னு சொல்லிடுவாங்க. யாரு கட்டுறது? நீயா?"

நான் கட்டமாட்டேன் என்று ஒப்புக்கொண்டேன்.

பேச விரும்புகிறவர்கள் தங்கள் நாட்டின் பெயரட்டையைச் செங்குத்தாக நிறுத்த வேண்டும். டோர்டே நான்கு நாட்களாக டென்மார்க்கைப் படுக்க விடவில்லை. அவைத் தலைவர் ஃபான் ஹேக்கே பெல்ஜியத்துக்காரர், நாசூக்கானவர். எங்கள் மேசைப் பக்கம் திரும்ப நேர்ந்தால் மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார். காப்பி வரிசையில் டோர்டே மடக்கியபோது, "ஏப்பம்னெல்லாம் எப்படிங்க எழுதறது? கௌரவமா இருக்க வேணாமா?" என்று நழுவப் பார்த்தார்.

"பின்புறம் மட்டும் கௌரவமா உனக்கு?" எங்கள் ஊரில் அமைச்சரையும் 'நீ' என்றுதான் சொல்வோம்.

கடைசி நாள் காலை. வேறு திருத்தம் இல்லையென்றால் வரைவு நிறைவேறியதாகக் கொள்வோம் என்று ஃபான் ஹேக்கே சுத்தியலை எடுத்தார். டோர்டே பெயரட்டையை இன்னும் உயர்த்திப் பிடித்தார். எனக்கே பாவமாக இருந்தது. அடிப்பதற்கு முன் தலைவர் ஒரு குவளை சோடாவை மடமடவென்று குடித்தார். மைக் திறந்தே இருந்தது.

நீளமான, நிறைவான ஏப்பம். ஆறு மொழி ஹெட்ஃபோன்களிலும் மொழிபெயர்ப்பாளர் உதவியின்றி ஒரே மாதிரி கேட்டது.

அவை சிரித்து ஓய வெகுநேரம் ஆனது. முகம் சிவந்த தலைவர் பேச்சை மாற்ற வழி தேடி, முதல்முறையாக எங்கள் மேசையைப் பார்த்தார்.

"டென்மார்க்... சொல்லுங்க. எந்தப் பக்கத்துல திருத்தம்?"

டோர்டே மைக்கைத் தொடவில்லை. எழுந்து நின்று, சுட்டுவிரலை நீட்டி, தலைவரின் வாயைக் காட்டினார்.